வயல் வெயிலில் சுருங்கிய முகத்துக்கு அறுவை இல்லாத சிகிச்சைகளில் எது பொருந்தும்?

கேள்வி: பாமணிக்கரை

அனைவருக்கும் வணக்கம். எனக்கு 48 வயது. மன்னார்குடிக்குக் கிழக்கே எங்கள் கிராமம். கணவர் சிங்கப்பூரில் வேலை பார்ப்பதால், பதினாறு ஆண்டுகளாக ஐந்து ஏக்கர் நிலத்தையும் நானேதான் பார்த்துக்கொள்கிறேன். மேட்டூரில் தண்ணீர் திறந்த நாள் முதல் சம்பா அறுவடை முடியும் வரை நாற்றங்கால், நடவு, களை, உரம் என்று ஏதாவது ஒரு வேலை இருந்துகொண்டே இருக்கும். காலை எட்டு மணிக்கு வரப்பில் நின்றால் மதியச் சாப்பாட்டுக்குத்தான் வீட்டுக்கு வருவேன்.

குளித்துவிட்டுக் கண்ணாடி முன் நிற்கும்போது, ரவிக்கை மறைத்திருந்த தோளில் தோல் இன்னும் வழுவழுப்பாகவே இருப்பது தெரிகிறது. கழுத்துக்கு மேலே பார்த்தால் வேறொருவர் முகம் போல இருக்கிறது. கண்ணோரத்துக் கோடுகள் முன்பெல்லாம் சிரித்தால் மட்டும் விழும். இப்போது சும்மா இருக்கும்போதும் அப்படியே நிற்கின்றன. புருவ மத்தியில் இரண்டு ஆழமான கோடுகள், கன்ன மேட்டில் இரண்டு பக்கமும் மங்கு, நெற்றிப்பொட்டிலும் நெற்றி ஓரங்களிலும் படர்ந்த கறுப்பு, பிடரியில் கோடையில் வெடித்த வயலைப் போலக் குறுக்கும் நெடுக்குமாகக் கோடுகள்.

வரும் தை மாதத்தில் மகளுக்குத் திருமணம். நகரத்தில் உள்ள ஓர் அழகுச் சிகிச்சை நிலையத்தில் கேட்டபோது, ஆறு முறை லேசர் வைத்தால் சுருக்கமும் மங்கும் சேர்ந்தே போய்விடும் என்று சொல்லி, முழுத் தொகையையும் முன்பணமாகக் கட்டச் சொன்னார்கள். லேசர் நம் நிறத்துக்கு ஒத்துவருமா, சுருக்கத்துக்கு ஊசி போட்டுக்கொள்வது பாதுகாப்பானதா, களிம்பினால் மட்டுமே ஓரளவு சரியாகுமா என்று அனுபவம் உள்ளவர்கள் சொன்னால் உதவியாக இருக்கும். இரண்டு ஆண்டுகளாக மருந்துக் கடையில் கேட்டு வாங்கிய ஒரு களிம்பை இரவில் தடவி வருகிறேன். தடவினால் முகம் பளிச்சென்று இருக்கிறது. நான்கு நாள் விட்டுவிட்டால் சிவந்து எரிகிறது.

பதில்: தோல் மருத்துவர், தஞ்சாவூர்

அம்மா, லேசரைப் பற்றிப் பேசுவதற்கு முன், கடைசி இரண்டு வரிகளில் நீங்கள் எழுதியிருக்கும் அந்தக் களிம்பைப் பற்றித்தான் பேச வேண்டும். டியூபின் பின்புறத்தில் உள்ள பொடி எழுத்தைப் பிள்ளைகளை விட்டாவது படிக்கச் சொல்லுங்கள். பீட்டாமெத்தசோன், மோமெட்டசோன், குளோபெட்டசால், ஃபுளூசினோலோன் ஆகியவற்றில் எந்தப் பெயர் இருந்தாலும் அது ஸ்டீராய்டு. தடவிய முதல் சில வாரங்களில் முகம் வெளுத்துப் பளபளக்கும். மாதக்கணக்கில் தொடர்ந்தால் தோல் மெலிந்து, கன்னத்தில் சிவப்பாக இரத்தக்குழாய் இழைகள் தெரியத் தொடங்கி, பரு போன்ற கொப்புளங்களும் பூனைமயிரும் வரும். நிறுத்தினால் எரிவதும் சிவப்பதும் இதன் முக்கியமான அடையாளம். இப்படிப்பட்ட முகங்களை ஏராளமாகப் பார்த்த பிறகுதான் இந்தியத் தோல் மருத்துவர்கள் இதற்கென்று தனிப் பெயரே வைத்தார்கள். 2018இல் மத்திய அரசு பல ஸ்டீராய்டு களிம்புகளை மருத்துவர் சீட்டுக்கு மட்டுமே விற்க வேண்டிய பட்டியலில் சேர்த்தது. மங்குக்கு, நிறமியைக் குறைக்கும் ஹைட்ரோகுவினோன், தோலைப் புதுப்பிக்கும் ட்ரெட்டினாயின், ஸ்டீராய்டு மூன்றும் கலந்த களிம்பை நாங்களும் எழுதிக் கொடுக்கிறோம்; ஆனால் அது எட்டு வாரம் போன்ற குறுகிய காலத்துக்கு மட்டுமே உரியது. இரண்டு ஆண்டுகள் தடவிய தோலின் மீது லேசரோ, அமிலம் தடவி மேல்தோலை உரியச் செய்யும் அமில உரிப்போ செய்தால் புண்ணாகும் ஆபத்து அதிகம். நீங்களாகவே சட்டென்று நிறுத்தினாலும் முகம் கொதித்துச் சிவந்துவிடும். படிப்படியாகக் குறைத்து, இடையில் ஸ்டீராய்டு இல்லாத மருந்தைக் கொடுத்து மீட்க வேண்டியிருப்பதால், இதை ஒரு தோல் மருத்துவர் கூடவே இருந்து பார்த்துக்கொள்ள வேண்டும்.

அடுத்து, நீங்கள் ஒன்றாகச் சேர்த்து எழுதியிருப்பவை உண்மையில் நான்கு வெவ்வேறு சங்கதிகள். பிடரியில் விழுந்த சாய்சதுரக் கோடுகள் ஆண்டுக்கணக்கில் வெயிலில் நிற்கும் உழவர்களிடமும் மீனவர்களிடமும் காணப்படுவது. மருத்துவ நூல்களில் தனிப் பெயர் பெற்ற அடையாளம் அது. கன்ன மேட்டு மங்குக்கு வெயிலோடு ஹார்மோனும் பரம்பரையும் காரணம். கண்ணோரக் கோடுகளுக்கு வெயிலும் தசை அசைவும் சேர்ந்து காரணம். நெற்றிப்பொட்டில் படர்ந்த கறுப்பைத்தான் நேரில் பார்க்க விரும்புகிறேன். தொட்டால் வெல்வெட்டுத் துணியைப் போலச் சற்றுத் தடித்து, கழுத்து மடிப்பிலும் அக்குளிலும் அதே கறுப்பு இருந்தால், அது வெயில் கறுப்பே அன்று. உடலில் இன்சுலின் சரியாக வேலை செய்யாததன் வெளி அடையாளம். அதற்குப் பார்க்க வேண்டியது இரத்தச் சர்க்கரை. எந்த லேசரும் அதைப் போக்காது.

இனி வெயில். புற ஊதாக் கதிர்களில் ‘பி’ வகை மேல்தோலைச் சுடுகிறது. ‘ஏ’ வகை உள்தோல் வரை இறங்கி, தோலை உறுதியாக வைத்திருக்கும் கொலாஜன் என்ற புரதத்தை அரிக்கும் நொதிகளைத் தூண்டிவிடுகிறது. ‘ஏ’ வகைக் கதிர் சன்னல் கண்ணாடியையும் கடந்து வரும். இருபத்தெட்டு ஆண்டுகள் சரக்கு வண்டி ஓட்டிய ஒருவருக்குச் சன்னலை ஒட்டிய இடது கன்னம் மட்டும் ஆழமாகச் சுருங்கி, வலது கன்னம் அதைவிட மிகவும் இளமையாக இருந்த படம் 2012இல் நியூ இங்கிலாந்து மருத்துவ இதழில் வெளிவந்தது. அதைப் பார்த்தவர்களுக்கு வேறு விளக்கமே தேவைப்படாது. நம் தஞ்சைப் பகுதி நிலநடுக்கோட்டுக்கு வடக்கே ஏறத்தாழ 11 பாகையில் இருப்பதால், சித்திரைத் தொடக்கத்தில் ஒரு முறையும் ஆவணியின் முதல் பத்து நாளில் ஒரு முறையும் உச்சிச் சூரியன் நேராகத் தலைக்கு மேலே வருகிறது. ஆடி ஆவணியில் மேகம் மூடியிருப்பதால் வெயில் இல்லை என்று எண்ணிவிடுகிறோம். மெல்லிய மேகமாக இருந்தால் புற ஊதாக் கதிரில் பெரும் பங்கு கீழே இறங்கிவிடும். நடவு வயலில் தேங்கிய நீரின் பிரதிபலிப்பைப் பலரும் குற்றம் சொல்கிறார்கள். உண்மையில் நீர் திருப்பி அனுப்பும் புற ஊதாக் கதிர் பத்தில் ஒரு பங்கைவிடக் குறைவு. முகத்தைக் கெடுப்பது மேலிருந்து நேரே விழுவதும் வானம் முழுவதும் சிதறி வருவதும்தான். ஆகவே குடை பிடித்தாலும் சன்ஸ்கிரீன் தேவை.

சன்ஸ்கிரீனை அழகுப் பொருளாக நினைக்காதீர்கள். ஆஸ்திரேலியாவில் 55 வயதுக்கு உட்பட்ட 903 பேரை நாலரை ஆண்டுகள் தொடர்ந்து பார்த்து 2013இல் வெளியிட்ட ஆய்வில், நாள்தோறும் தடவியவர்களின் தோல் முதிர்ச்சி, தோன்றியபோது மட்டும் தடவியவர்களைவிட 24 விழுக்காடு குறைவாக இருந்தது. எஸ்.பி.எஃப். என்பது ‘பி’ வகைக் கதிரை எவ்வளவு தடுக்கும் என்று டியூபில் போட்டிருக்கும் எண். அது 30 என்றால் ‘பி’ வகையில் ஏறத்தாழ 97 விழுக்காட்டையும், 50 என்றால் 98 விழுக்காட்டையும் தடுக்கும். எண்ணைவிட அளவுதான் முக்கியம். ஆள்காட்டி விரலிலும் நடுவிரலிலும் நீளமாகப் பிதுக்கிய அளவு முகத்துக்கும் கழுத்துக்கும் வேண்டும், இரண்டு மணி நேரத்துக்கு ஒரு முறை மறுபடியும் தடவ வேண்டும். உங்களுக்கு மங்கும் இருப்பதால், இரும்பு ஆக்சைடு கலந்த நிறச் சன்ஸ்கிரீன் கூடுதல் பயன் தரும். மங்கைக் கறுப்பாக்குவதில் கண்ணுக்குத் தெரியும் ஒளிக்கும் பங்கு இருக்கிறது.

களிம்பினால் சுருக்கம் குறையுமா என்று கேட்டீர்கள். குறையும், ஆனால் மெதுவாக. பருவுக்காகக் கொடுத்து வந்த ட்ரெட்டினாயின் வெயிலில் முதிர்ந்த தோலையும் திருத்துகிறது என்பதை அமெரிக்கத் தோல் மருத்துவர் ஆல்பர்ட் கிளிக்மன் 1986இல் வெளியிட்டார். 1995இல் அந்நாட்டில் அதற்கென்றே அனுமதியும் கிடைத்தது. அன்றிலிருந்து இன்று வரை, பூசும் மருந்துகளில் இதற்கு இருக்கும் அளவு சான்று வேறு எதற்கும் இல்லை. 0.025 விழுக்காட்டில் தொடங்கி, பட்டாணி அளவு எடுத்து, இரவில் மட்டும், முதலில் மூன்று நாளுக்கு ஒரு முறை தடவ வேண்டும். முதல் சில வாரங்கள் தோல் உரிந்து எரிச்சல் கொடுக்கும். அப்போதுதான் பெரும்பாலோர் கைவிட்டுவிடுகிறார்கள். மாற்றம் தெரிய மூன்று முதல் ஆறு மாதம் ஆகும். கருவுற்றிருப்பவர்கள் தொடவே கூடாது. ஸ்டீராய்டினால் மெலிந்த உங்கள் தோல் தேறிய பிறகுதான் இதைத் தொடங்க முடியும். ஆகவே தை மாதத்தை இதன் கெடுவாக வைத்துக்கொள்ளாதீர்கள்.

அமில உரிப்பில் நம் பகுதியில் அதிகம் பயன்படுவது கிளைகாலிக் அமிலம். நம் ஊர்க் கரும்புச் சாற்றிலேயே இயற்கையாக இருக்கும் பொருள்தான். குறைந்த செறிவில் தொடங்கி, இரண்டு மூன்று வாரங்களுக்கு ஒரு முறையாக நாலைந்து அமர்வுகள் செய்தால் மங்கும் மேல்தோலின் சொரசொரப்பும் குறையும். ஆழ்ந்த கோடுகள் இதற்கு மசியாது. ஃபீனால் என்ற கடுமையான இரசாயனம் கொண்டு ஆழமாக உரிப்பது நம் நிறத்துக்கு வேண்டவே வேண்டாம்.

புருவ மத்திக் கோடுகளுக்கு ஊசி நல்ல பலன் தரும். போட்டுலினம் நச்சை மிக நுண்ணிய அளவில் செலுத்தி, நரம்பிலிருந்து தசைக்குப் போகும் கட்டளையைத் தற்காலிகமாக நிறுத்துவதுதான் இதன் வேலை. வான்கூவரில் கண் இமைத் துடிப்புக்கு இந்த ஊசியைப் போட்டு வந்த ஜீன் கரதர்ஸ் என்ற கண் மருத்துவர், புருவக் கோடுகளும் மறைவதைத் தம் நோயாளி ஒருவர் வழியாக 1987இல் அறிந்தார். தோல் மருத்துவரான அவருடைய கணவரும் அவரும் சேர்ந்து இதை வளர்த்தெடுத்தார்கள். 2002இல் அமெரிக்காவில் புருவக் கோட்டுக்கு அனுமதி கிடைத்தது. சில நாட்களில் வேலை செய்யத் தொடங்கி, இரண்டு வாரத்தில் முழுப் பலன் தெரிந்து, மூன்று நான்கு மாதம் நீடிக்கும். இடம் தவறினால் மேலிமை இறங்கிவிடும். தானாகவே சரியாகும் என்றாலும் அதற்குச் சில வாரங்கள் ஆகும். திருமணத்துக்கு முந்தின வாரத்தில் போடக் கூடாது என்று நான் வற்புறுத்துவது இதனால்தான். ஒரு மாதம் முன்பே போட வேண்டும். தசை பலவீன நோய் உள்ளவர்களுக்கும் பாலூட்டுபவர்களுக்கும் கூடாது. பள்ளம் நிரப்பும் ஃபில்லர் ஊசி வேறு. இரத்தக் குழாய்க்குள் போய்விட்டால் தோல் அழுகவும், அரிதாகப் பார்வை போகவும் கூடும் என்பதால், கரைக்கும் மருந்தைக் கையிலேயே வைத்திருக்கும் மருத்துவரிடம் மட்டுமே போட்டுக்கொள்ள வேண்டும்.

ஒரே லேசர் சுருக்கத்தையும் மங்கையும் போக்கிவிடும் என்று உங்களிடம் சொன்னது தவறு. மங்குக்கு லேசர் முதல் சிகிச்சையாக வருவதே இல்லை. சூடு பட்டால் அது கூடுதலாகக் கறுத்துவிடவும் செய்யும்.

பதில்: அரசலாறு

அக்கா, டாக்டர் கடைசியாகச் சொன்னது எனக்கே நடந்தது, அதனால்தான் எழுதுகிறேன். நான் கும்பகோணத்தில் இருக்கிறேன். நான்கு ஆண்டுகளுக்கு முன், பருத் தழும்புக்கும் கண்ணோரக் கோட்டுக்கும் என்று ஓர் இடத்தில் ஃபிராக்ஷனல் கார்பன் டை ஆக்சைடு லேசர் வைத்துக்கொண்டேன். வைத்தவர் மருத்துவரா, பயிற்சி பெற்ற பணிப்பெண்ணா என்று அன்று நான் கேட்கவே இல்லை. முகத்தில் சிறு சிறு புள்ளிகளாகக் கருகி, ஒரு வாரத்தில் காபித் தூள் போல உதிர்ந்தது. அது வரை சரிதான். மூன்றாவது வாரத்தில் கன்னம் இரண்டிலும் கட்டம் போட்டது போல, அந்தக் கருவியின் முனை பதிந்த சதுரங்கள் அப்படியே கறுப்பாகத் தெரியத் தொடங்கின. மறுபடியும் போனபோது, நீங்கள் வெயிலில் போயிருப்பீர்கள் என்று சொல்லி, இன்னொரு லேசருக்குப் பணம் கேட்டார்கள். அன்று அங்கிருந்து அழுதுகொண்டேதான் வெளியே வந்தேன்.

பிறகு தஞ்சாவூரில் ஒரு தோல் மருத்துவரிடம் போனபோதுதான் காரணம் புரிந்தது. தோலின் நிறத்தை வெளுப்பிலிருந்து கறுப்பு வரை ஆறு வகையாகப் பிரிப்பார்களாம். நம்மில் பெரும்பாலோர் நான்காவது, ஐந்தாவது வகை. இந்தத் தோலில் சூடோ புண்ணோ பட்டால், ஆறும்போது நிறமி கூடுதலாகச் சுரந்து கறுப்பாக நின்றுவிடும். அவ்வளவு வலுவாக லேசர் வைத்ததும், வைப்பதற்கு முன் சில வாரங்கள் தோலைத் தயார் செய்யாததும்தான் தவறு என்றார். அந்தச் சதுரங்கள் மறைய எட்டு மாதம் ஆனது. எட்டு மாதமும் சன்ஸ்கிரீனும் அவர் கொடுத்த களிம்பும்தான். வேறு எதுவும் செய்யவில்லை.

அதன் பிறகு அதே தழும்புக்கு அவரிடம் நுண்ணூசிச் சிகிச்சை எடுத்துக்கொண்டேன். மரத்துப்போகும் களிம்பைத் தடவி முக்கால் மணி நேரம் வைத்திருந்து, பேனா போன்ற கருவியால் முகம் முழுவதும் குத்துவார்கள். சூடு இல்லாததால் நம் நிறத்துக்கு லேசரைவிட ஆபத்து குறைவு. இரண்டு நாள் சிவந்திருக்கும். மாதம் ஒன்றாக நான்கு முறை செய்தேன். தழும்பு நன்றாகவே குறைந்தது, கண்ணோரக் கோடு சற்றுத்தான் குறைந்தது. முன்பணம் மொத்தமாகக் கேட்கும் இடத்துக்குப் போகாதீர்கள் அக்கா. யார் கையால் செய்கிறார்கள் என்று கேளுங்கள், அவருடைய மருத்துவக் கவுன்சில் பதிவு எண்ணைக் கேளுங்கள், முதலில் காதுக்கு முன்னால் சிறிய இடத்தில் வைத்துப் பார்த்துச் சில வாரம் கழித்து முகத்துக்கு வைப்பார்களா என்று கேளுங்கள்.

பதில்: உப்பளத்தான்

எங்கள் ஊர் வேதாரண்யத்துக்குப் பக்கம். மூன்று தலைமுறையாக உப்பள வேலை. பாத்தியில் உப்பு விளைந்து நிற்கும் மாதங்களில் மேலே வெயில், கீழே வெள்ளை. கண்ணைத் திறக்க முடியாது. சிகிச்சையைப் பற்றிச் சொல்லும் அறிவு எனக்கு இல்லை. ஆனால் சகோதரிக்கு இரண்டு செய்திகள் சொல்ல வேண்டும்.

வயல் வேலையில் சன்ஸ்கிரீன் வியர்வையோடு வழிந்து கண்ணில் எரியும். தண்ணீரைத் தாங்கும் வகை என்று எழுதியிருப்பதும்கூட 40 நிமிடமோ 80 நிமிடமோதான் தாங்கும். அதனால் நாங்கள் துணியைத்தான் முதலில் நம்புகிறோம். துண்டைத் தலையில் முண்டாசாகக் கட்டினால் காதும் பிடரியும் மூக்கும் வெயிலிலேயே இருக்கும். முண்டாசுக்குப் பதிலாகத் துண்டைத் தலையில் போட்டுப் பிடரிக்குத் தொங்கவிட்டு, அதன் மேல் நான்கு விரல் அகலமாவது விளிம்பு உள்ள தொப்பி வைக்க வேண்டும். பழைய முழுக்கைச் சட்டையைச் சேலைக்கு மேல் போட்டுக்கொண்டு எங்கள் பெண்கள் வேலை செய்வது கைக்கு மிகவும் நல்லது. எலுமிச்சம்பழச் சாற்றை முகத்தில் தடவிக்கொண்டு வெயிலுக்குப் போகாதீர்கள். என் தங்கை அப்படிப் போய்க் கன்னத்தில் கொப்புளம் கண்டு, அந்த இடம் பல மாதம் கறுத்தே கிடந்தது.

இரண்டாவது, என் அப்பாவுக்கு மூக்கோரத்தில் மிளகு அளவில் பளபளப்பாக ஒரு கறுப்புக் கட்டி வந்தது. அவ்வப்போது பொருக்கு விழுந்து கசியும், ஆறியது போல இருக்கும், மறுபடியும் கசியும். வெயில் மரு என்று ஒரு வருடம் விட்டுவிட்டோம். தசைச் சோதனை செய்து பார்த்தபோது தோல் புற்றுநோய் என்று தெரிந்தது. பரவாத வகை, வெட்டி எடுத்ததோடு சரியாகிவிட்டது. நம் நிறத்துக்கு இது அரிது என்றுதான் மருத்துவரும் சொன்னார். ஆனாலும் முகத்தில் ஆறாத புண் ஏதாவது இருந்தால், அழகு நிலையத்தில் உரிக்கவோ கருக்கவோ விடாமல் முதலில் சோதனை செய்துவிடுங்கள்.

பதில்: தோல் மருத்துவர், தஞ்சாவூர்

உப்பளத்து நண்பர் எழுதியது எல்லாரும் படிக்க வேண்டியது. ஒரு மாதத்துக்கு மேல் ஆறாத எந்தப் புண்ணையும் காட்டிவிட வேண்டும். கருக்கிவிட்டால் சோதிப்பதற்குச் சதையே கிடைக்காது.

தனிச் செய்தியில் சிலர் மங்குக்கு டிரானெக்சாமிக் அமில மாத்திரையைப் பற்றிக் கேட்டிருந்தார்கள். பலன் உண்டு. ஆனால் அது இரத்தம் உறைய உதவும் மருந்து. காலில் இரத்தக் கட்டு, பக்கவாதம், மாரடைப்பு வந்தவர்களும், கருத்தடை மாத்திரை சாப்பிடுபவர்களும் அதைக் கடையில் வாங்கிச் சாப்பிடக் கூடாது.

பாமணிக்கரை அம்மாவுக்கு: திருவாரூர், தஞ்சாவூர் இரண்டு ஊர்களிலும் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் தோல் பிரிவு இருக்கிறது. களிம்பு டியூபைக் கையோடு எடுத்துக்கொண்டு போங்கள்.

பதில்: பாமணிக்கரை

மூன்று வாரம் கழித்து எழுதுகிறேன். திருவாரூர் மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குப் போய் வந்தேன். களிம்பில் பீட்டாமெத்தசோன்தான் இருந்தது. அங்கிருந்த பெண் மருத்துவர் விளக்கு வைத்த சிறிய கண்ணாடியைக் கன்னத்தில் ஒட்டி வைத்து, அதில் தெரிந்ததை எனக்கும் காட்டினார். சிலந்தி வலை போலச் சிவப்பு இழைகள் ஓடியிருந்தன. நான் பளிச்சென்று இருக்கிறது என்று நினைத்தது அந்தத் தோல் மெலிந்துபோனதைத்தான். இப்போது களிம்பின் வலுவைக் குறைத்து, நாள் விட்டு நாள் என்று மாற்றியிருக்கிறார்கள். முதல் வாரம் முகம் மிளகாய் அரைத்துப் பூசியது போல எரிந்தது. ஈரத்துணி வைத்து, அவர்கள் கொடுத்த ஈரப்பசைக் களிம்பைத் தடவிச் சமாளித்தேன். இப்போது எரிச்சல் பாதியாகக் குறைந்திருக்கிறது.

நெற்றிப்பொட்டுக் கறுப்பைத் தடவிப் பார்த்துவிட்டு, கழுத்தைத் திருப்பிப் பார்த்து, உடனே இரத்தம் எடுக்கச் சொன்னார். மூன்று மாதச் சராசரிச் சர்க்கரை 7.8 என்று வந்திருக்கிறது. வீட்டில் யாருக்கும் சர்க்கரை இல்லாததால் நான் ஒரு முறைகூடச் சோதித்ததில்லை. மாத்திரை தொடங்கியாகிவிட்டது. இரவுச் சாப்பாட்டில் சோற்றைக் குறைத்திருக்கிறேன். நெல் விளைகிற வீட்டில் அது எளிதாக இல்லை.

அந்த லேசருக்குப் பணம் கட்டவில்லை. புருவ மத்தி ஊசியை வேண்டுமானால் மார்கழி நடுவில் போட்டுக்கொள்ளலாம், அதற்குள் சர்க்கரையும் தோலும் ஒரு நிலைக்கு வந்திருக்க வேண்டும் என்றார். நான் இன்னும் முடிவு செய்யவில்லை. ட்ரெட்டினாயினை மாசிக்குப் பிறகு, வெயில் தடுப்பு பழக்கத்துக்கு வந்துவிட்டதா என்று பார்த்துத்தான் எழுதித் தருவாராம். நேற்று இரண்டாம் களை எடுத்தபோது எங்கள் வீட்டுக்காரரின் பழைய முழுக்கைச் சட்டையையும் பனையோலைத் தொப்பியையும் போட்டுக்கொண்டு இறங்கினேன். களையெடுக்க வந்திருந்த ஏழு பேரில் நான்கு பேர், தங்கள் முகத்தைக் காட்டி, தாங்களும் அதே களிம்பைத்தான் தடவுவதாகச் சொன்னார்கள். அடுத்த செவ்வாய்க்கிழமை அவர்களையும் அழைத்துக்கொண்டு திருவாரூருக்குப் போகிறேன்.